கழிவுநீர்க் குழாயினுள் நுழையும் மரவேர்

பால்மரத்தோடு வாழ்ந்து பழகிய தோட்ட மக்களுக்கு வேரின் ஆற்றலைப் புதிதாக எடுத்துரைக்க வேண்டுவதில்லை. மறுநடவுக்காக முதிய மரங்களைச் சாய்க்கும்போது, அவற்றின் பக்கவேர்கள் நெடுந்தூரம் ஓடியிருப்பதைக் காண்கிறோம். அவ்வாறு ஓடும் வேர் வீட்டுக் கழிவுநீர்க் குழாயினுள்ளும் புகுவதுண்டு. அஃது எவ்வாறு புகுகிறது, புகுந்தால் செய்யத்தக்கது யாது என்பதை அறிந்து வைத்தல் நலம்.

ஃபேரர் பார்க் காட்டும் பாடம்

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையை ஒட்டியுள்ள வட்டாரம் ஃபேரர் பார்க். 1933ஆம் ஆண்டு வரை இங்குக் குதிரைப் பந்தயத் திடல் இருந்தது. பழைய கடைவீடுகளின் பின்புறம் குறுகிய சந்துகளைக் காணலாம். ஒரு காலத்தில் மலவாளிகளை எடுத்துச் சென்றவர்கள் இத்தகைய சந்துகளின் வழியே வந்து போயினர். வாளிமுறை சிங்கப்பூரில் 1987ஆம் ஆண்டில் ஒழிந்தது. இத்தகைய சந்துகள் பலவற்றின் கீழே கழிவுநீர்க் குழாய்கள் செல்கின்றன. 1967இல் தொடங்கிய தோட்ட நகர்த் திட்டத்தின் பயனாக அந்நகரின் சாலையோரங்களில் தூங்குமூஞ்சியும் அங்சானாவும் ஓங்கி வளர்ந்தன. மேலே நிழல் தரும் மரம், கீழே நோய் தடுக்கும் குழாய். மக்களுக்கு இரண்டும் தேவை. இரண்டும் பழுதின்றி வாழ வழி உண்டு.

வேர் புகுவது எவ்வாறு?

பழுதற்ற குழாயை வேர் துளைப்பதில்லை. பழங்காலத்து மண்குழாய்களின் இணைப்புகளைச் சிமெண்டுக் கலவையால் பூசினர். நிலம் தாழும்போது அப்பூச்சில் வெடிப்பு உண்டாகும். அதன் வழியே ஈரம் கசியும். ஈரமும் உரச்சத்தும் உள்ள இடத்தில் வேர் செழித்து வளரும் அன்றோ? மயிரிழை போன்ற வேர் வெடிப்பினுள் புகுந்து, துடைப்பம் போலப் பரவிவிடும். அதில் எண்ணெய்ப் பசையும் காகிதமும் சிக்கும், குழாய் அடைபடும். நாளடைவில் பருத்த வேர் இணைப்பையே பிளந்துவிடும். ஆகவே, கசிவே காரணம். வேர் அதன் விளைவு.

இக்கசிவைத் தடுக்கப் பிற்காலத்தில் குழாய் இணைப்புகளில் ரப்பர் வளையங்கள் பொருத்தப்பட்டன. இயற்கை ரப்பரும் செயற்கை ரப்பரும் இதற்குப் பயன்பட்டுள்ளன. மரத்தின் பாலே மரத்தின் வேருக்கு வேலியாயிற்று!

அறிகுறிகளும் பரிகாரமும்

கழிப்பறை நீர் மெல்ல இறங்குதல், குழாயில் களகளவென்ற ஓசை எழுதல், மூடிக் குழியில் நீர் ததும்புதல் ஆகியவை முதல் அறிகுறிகள். அடிக்கடி அடைப்பு ஏற்படின் வேர் புகுந்துள்ளதோ என ஐயுற வேண்டும். இணைப்புக் கம்பிகளின் நுனியில் வெட்டுக்கத்தியைப் பொருத்தியோ, மிகுந்த அழுத்தத்தில் நீரைப் பீய்ச்சியோ வேரை அகற்றுவர். பின்னர் சிறு ஒளிப்படக் கருவியைக் குழாயினுள் செலுத்திப் பழுதுள்ள இடத்தைக் காண்பர். அவ்விடத்தைச் செப்பனிடாவிடில் வெட்டிய வேர் மீண்டும் துளிர்க்கும்.

சிலர் மயில்துத்தம் கொட்டுவர். அது சிறுவேரைக் கொல்லும். ஆற்றில் கலந்தால் மீனையும் கொல்லும். மலத்தொட்டியில் கழிவை மட்கச் செய்யும் நுண்ணுயிர்களையும் அழிக்கும். ஆதலால் அதனைத் தவிர்க்க.

உயிர்க்காப்பு

அடைப்பை நீக்க எவரும் மலத்தொட்டியிலோ மூடிக் குழியிலோ இறங்கலாகாது. அங்கு ஹைட்ரஜன் சல்ஃபைடு என்னும் நச்சுவாயு தேங்கியிருக்கும். தொடக்கத்தில் அழுகிய முட்டை போல நாறும். செறிவு மிகுந்தால் மூக்கு உணர்விழந்துவிடும். நாற்றம் இல்லை என்று நம்பி இறங்கியவர் நொடியில் மயங்குவார். அவரைத் தூக்கப் போனவரும் மடிவார். தகுந்த பாதுகாப்பின்றி ஆளைக் கழிவுநீர்க் குழியில் இறக்குவதை இந்தியாவில் 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துள்ளது. உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால் தாமும் இறங்காது, உடனே தீயணைப்பு மீட்புப் படையினரை அழைக்க வேண்டும்.

நினைவிற்கொள்ள வேண்டியவை

1. குழாய்வழி எங்குச் செல்கிறது என்பதை அறிந்த பின்னரே மரம் நடுக.

2. ஆல், அரசு, தூங்குமூஞ்சி ஆகியவற்றைக் குழாய்க்கு அருகில் நடாதீர். அங்குச் செம்பருத்தி, துளசி போன்றவை போதும்.

3. சமையல் எண்ணெயைக் குழாயில் ஊற்றாதீர்.

4. லயத்து வீடுகளில் அடைப்பு நேர்ந்தால் தோட்ட நிர்வாகத்திற்கு எழுத்து மூலம் அறிவித்து, பயிற்சி பெற்ற குழாய்ப் பணியாளரை வரவழைக்கச் செய்க.

மரத்தைப் பழிக்க வேண்டா, வெடிப்பை அடைப்போம். குழியில் இறங்க வேண்டா, உயிரைக் காப்போம்.