புகைக்குழாயும் ஒன்றரை அடி இடைவெளியும்

குளிப்பதற்கு வெந்நீர் போடும் செம்புப் பாய்லராயினும், நூலுக்குச் சாயமேற்றும் அடுப்பாயினும், அதன் புகையை வெளியேற்ற நாம் ஒரு தகரக் குழாய் வைக்கிறோம். கண்ணெரிச்சலும் இருமலும் குறைகின்றன. சுவரும் கரியேறாமல் இருக்கிறது. ஆனால் அக்குழாய் கூரையைக் கடக்கும் இடத்தை நாம் போதிய அளவு கவனிப்பதில்லை. அக்கூரையின் கீழேதான் நம் தறியும், பாவும், சங்கத்தில் பெற்ற நூலும் இருக்கின்றன. பயிரிடும் அங்கத்தினர் வீட்டில் விதைநெல்லும் பருத்தியும் இருக்கின்றன. ஆகவே புகைக்குழாயைச் சுற்றி எவ்வளவு இடம் விடவேண்டும் என்பதை இம்மாதப் பாடமாகக் கொள்வோம்.

தீ எவ்வாறு பற்றுகிறது?

சுவாலை தொட்டால்தான் கூரை எரியும் என்று எண்ணுவது தவறு. விறகு நன்கு எரியும்போது தகரக் குழாய் 200 டிகிரி செல்சியசுக்கு மேலும் சூடாகக்கூடும். அச்சூடு கதிர்களாகப் பரவி அருகிலுள்ள மரத்தையும் ஓலையையும் காய்ச்சுகிறது. புதிய மரம் தீப்பற்றுவதற்கு ஏறத்தாழ 250 முதல் 300 டிகிரி வெப்பம் வேண்டும். ஆயினும் பல மாதங்கள் தொடர்ந்து சூடேறிய மரம் உள்ளுக்குள் கரியாகி, அதனினும் குறைந்த வெப்பத்திலேயே கனலத் தொடங்கிவிடும். ஆகவே, “இத்தனை நாளாக ஒன்றும் ஆகவில்லையே” என்பது பாதுகாப்புக்குச் சான்றாகாது. ஒவ்வொரு நாளும் அந்தக் கைமரம் தீக்குச் சற்று நெருங்கி வருகிறது என்பதே உண்மை.

விடவேண்டிய அளவு

வீட்டைச் சூடாக்கும் அடுப்புகளும் பாய்லர்களும் மிகுந்த குளிர்நாடுகளில் இதற்குத் திட்டமான அளவுகள் உண்டு. ஒற்றைத் தகட்டுக் குழாய்க்கும் எரியக்கூடிய பொருளுக்கும் இடையே 18 அங்குலம், அதாவது ஒன்றரை அடி விடவேண்டும் என்பது அமெரிக்க விதி. குழாயின் குறுக்களவைப்போல் மூன்று மடங்கு விடவேண்டும் என்பது இங்கிலாந்தின் வழிகாட்டி. ஆறங்குலக் குழாய்க்கு இரண்டும் ஒரே அளவாகின்றன. நாம் எளிதில் நினைவிற் கொள்ளவேண்டிய அளவு ஒன்றரை அடி.

அவ்வளவு இடமில்லாத வீட்டில், குழாய்க்கும் மரத்துக்கும் நடுவே ஒரு தகரத் தகட்டைக் கவசமாக நிறுத்தலாம். அத்தகடு மரத்தின்மேல் ஒட்டியிருத்தல் கூடாது. மரத்துக்கும் தகட்டுக்கும் இடையே ஓரங்குலம் விட்டு, மேலும் கீழும் காற்றோடும்படி திறந்து வைக்கவேண்டும். அவ்விடைவெளியில் ஓடும் காற்றே சூட்டை எடுத்துச் செல்கிறது. கவசத்துக்குப் பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஓட்டை வெட்டிப் பயன்படுத்தலாகாது; அதன் தூசு நுரையீரலுக்குப் பெருங்கேடு.

அடைத்தலே ஆபத்து

மழை ஒழுகுகிறது, எலி வருகிறது என்று குழாயைச் சுற்றியுள்ள சந்தைச் சாக்கு, வைக்கோல், கழிவு நூல் ஆகியவற்றால் அடைத்துவிடுதல் மிகப் பெரிய பிழை. விட்ட இடைவெளியை விறகாக்கும் செயல் அது. மழையைத் தடுக்கக் குழாயின்மேல் தகரக் குடை ஒன்றைப் பொருத்துக. அது புகை செல்லும் வழியை அடைக்காதவாறு சற்று உயர்ந்திருக்கவேண்டும்.

ஓலைக் கூரையின் ஊடே குழாயைச் செலுத்தாமல், செங்கற்சுவர் அல்லது மண்சுவரின் வழியாக வெளியே கொண்டுபோய் மேலேற்றுவதே உத்தமம். வெளியேயும் இறவாரத்திலிருந்து அதே ஒன்றரை அடி தள்ளி நிற்றல் வேண்டும். குழாயின் வாய் எவ்வளவு உயரத்தில் இருக்கவேண்டும்? புல் வேய்ந்த வீடுகள் இங்கிலாந்திலும் உண்டு. அத்தகைய கூரைக்கு அருகில், குழாயின் வாய் கூரைப் பரப்புக்கு மேல் ஆறடியும் முகட்டுக்கு மேல் இரண்டடியும் உயர்ந்திருக்கவேண்டும் என்று அந்நாட்டு வழிகாட்டி கூறுகிறது. தீப்பொறி கூரையில் விழுமுன் அணைந்துபோவதற்கே இவ்வுயரம். வைக்கோற்போரைக் குழாயின் அருகில் போடலாகாது என்பது சொல்லாமலே விளங்கும்.

குழாயின் உள்ளே

ஈர விறகு எரித்தால் குழாயினுள் கரியும் பிசினும் படிகின்றன. அவை ஒருநாள் தாமே பற்றிக்கொண்டால் குழாய் செந்நிறமாகப் பழுக்கும். அவ்வேளையில் ஒன்றரை அடியும் போதாமற் போகலாம். ஆகவே உலர்ந்த விறகையே எரிக்கவேண்டும். மாதம் ஒருமுறை, அடுப்பு முழுதும் ஆறிய பின், குழாயைக் கழற்றித் தட்டிச் சுத்தம் செய்யவேண்டும். உள்ளே தீப்பற்றி இரைச்சல் கேட்டால் குழாய்க்குள் நீரை ஊற்றலாகாது. அடுப்பின் வாயை மூடிக் காற்றைத் தடுத்து, குழந்தைகளையும் முதியோரையும் வெளியேற்றி, தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லியனுப்புக.

கரி அடைத்த குழாயால் வேறொரு கேடும் உண்டு. புகையோடு கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு வீட்டினுள் திரும்புகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்திலுள்ள சிவப்புப் பொருளை அது பிராணவாயுவைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். பாய்லர் எரியும்போது தலைவலியும் மயக்கமும் தோன்றினால், உடனே வெளிக்காற்றுக்கு வந்துவிடவேண்டும். பிறகே காரணத்தை ஆராயலாம்.

நாம் செய்யத்தக்கது

இவ்வாரமே ஓர் அளவுகோலை எடுத்துக்கொண்டு நம் வீட்டுக் குழாயைப் பார்ப்போம். அருகிலுள்ள கைமரம் பழுப்பாகவோ கருப்பாகவோ மாறியிருந்தால் அதுவே எச்சரிக்கை. சீர்செய்யும்வரை அவ்வடுப்பை மூட்டாதிருப்போம். ஒரு தகட்டின் விலையும் அரைநாள் வேலையுமே செலவு. கூரை வீடுகள் நெருங்கிய தெருவில் ஒரு வீட்டின் தீ ஒரு வீட்டோடு நிற்பதில்லை. ஆதலால் அண்டை வீட்டுக் குழாயையும் சேர்த்து அளந்து பார்ப்பது கூட்டுறவு வழியில் நிற்கும் நமக்குக் கடமையாகும்.

கூட்டத்தில் ஆலோசிக்க வேண்டிய வினாக்கள்

1. நெடுநாள் சூடேறிய மரம் எதனால் எளிதில் தீப்பற்றுகிறது?
2. கவசத் தகட்டுக்கும் மரத்துக்கும் இடையே காற்று ஓடவேண்டுவது ஏன்?
3. நம் தெருவில் குழாய்ச் சந்து அடைக்கப்பட்ட வீடுகள் எத்தனை? அவற்றைச் சீர்செய்ய நாம் ஒன்றுகூடிச் செய்யக்கூடியது யாது?