தேவைக்கு மிஞ்சிய வாகனமும் இன்ஷூரன்ஸும்

வாகன இன்ஷூரன்ஸ் கூடுமா, கூடாதா என்று நம்மவர்கள் ஆலிம்களிடம் அடிக்கடி கேட்கிறார்கள். அந்த வண்டி வீட்டிற்குத் தேவைதானா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. முதல் கேள்விக்குரிய பதிலில் பாதி இந்த இரண்டாவது கேள்வியில்தான் இருக்கிறது.

1988-ம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 146-வது பிரிவு, மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் இல்லாமல் பொது இடத்தில் வண்டி ஓட்டுவதைத் தடை செய்கிறது. 2019-ம் ஆண்டுத் திருத்தப்படி முதல் தடவைக்கே 2,000 ரூபாய் அபராதம். மூன்று மாதம் வரை சிறைக்கும் இடமுண்டு. மறுபக்கம், 1985 டிசம்பரில் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, நிர்ணயித்த பிரீமியம் வாங்கி நடத்தும் வர்த்தக இன்ஷூரன்ஸ் ஹராம் என்று தீர்மானித்தது. ‘கரர்’ எனும் தெளிவற்ற பேரம் அதில் மிகுந்திருப்பதே காரணம். இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கும் முஸ்லிமுக்கு, சட்டம் கட்டாயப்படுத்தும் அளவோடு எடுத்துக் கொள்ளலாம் என்று உலமாக்களில் பலர் அனுமதி அளித்திருக்கிறார்கள்.

அந்த அனுமதி நிர்பந்தத்தின் பேரில் வந்தது. பிழைப்புக்கும் வைத்தியத்துக்கும் அவசியமான வண்டிக்கு அது பொருந்தும். ஓட்ட ஆளில்லாத மூன்றாவது வண்டிக்கும் பிரீமியம் கட்டிவிட்டு, “சட்டம் நிர்பந்திக்கிறது, நாம் என்ன செய்ய?” என்று சொன்னால், அந்த நிர்பந்தத்தை வாசலுக்கு அழைத்து வந்தவர் யார்?

சேர்வராயன் மலையில், நாகலூரில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் ஒரு குடும்பம் என்று வைத்துக் கொள்வோம். தோட்டத்திற்கு ஒரு ஜீப். குடும்பத்திற்கு ஒரு கார். வெளிநாட்டிலிருக்கும் மகன் லீவில் வந்தபோது வாங்கி நிறுத்திவிட்டுப் போன இன்னொரு கார். 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, 1,500 சி.சி.க்கு மேற்பட்ட ஜீப்புக்கு மூன்றாம் நபர் பிரீமியம் ஆண்டுக்கு ரூ. 7,897. ஆயிரத்துக்கு மேல் 1,500 சி.சி. வரையுள்ள கார் ஒவ்வொன்றுக்கும் ரூ. 3,416. ஆக ரூ. 14,729. வரி தனி. மலை ஈரத்தில் நின்றபடியே துருப்பிடிப்பது வேறு கதை.

மலையில் வண்டியில்லாமல் முடியுமா என்று கேட்பார்கள். நியாயம்தான். பெரிய வைத்தியம் என்றால் சேலத்துக்கு இறங்க வேண்டும். ஏற்காடு பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் ஜீப் விடிந்ததும் தோட்டத்துக்குப் போய்விடும். அந்நேரம் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் வீட்டுப் பெண்கள் பஸ்ஸை எதிர்பார்த்து நிற்பதா? ஆகவே இரண்டாவது வண்டியை ஆடம்பரம் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. சமவெளியில் உட்கார்ந்து கொண்டு மலைவாசிக்குத் தீர்ப்புச் சொல்வது எளிது.

ஸஹீஹ் முஸ்லிமில் ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் ஒன்று இங்கே வழிகாட்டுகிறது. கணவன், மனைவி, விருந்தாளி ஆகியோருக்கான மூன்று விரிப்புகளை ஏற்ற நபி (ஸல்) அவர்கள், நான்காவதை ஷைத்தானோடு சேர்த்துச் சொன்னார்கள். இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் விளக்கப்படி, தேவைக்கு மிஞ்சிப் பெருமைக்காகச் சேர்ப்பதே இங்கு கண்டிக்கப்படுகிறது. நோய் முதலிய வேளைகளுக்காகக் கணவன் மனைவிக்குத் தனித்தனி விரிப்பு வைப்பதில் குற்றமில்லை என்றும் அவர்கள் எழுதியிருக்கிறார்கள். விருந்தாளியின் விரிப்பு தினமும் விரிக்கப்படுவதில்லை; இருந்தும் அது தேவையில் சேர்ந்தது. மகனின் காரும் அப்படித்தானே என்று தந்தை கேட்கலாம். அவர் மகன் ஆண்டில் எத்தனை நாள் இங்கே இருக்கிறார்? அந்நாட்களில் குடும்பக் கார் அவருக்குப் போதாதா?

இதை வாயால் பேசித் தீர்க்க முடியாது. ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். பழம் பறிக்கும் காலமும் உட்பட ஓராண்டுக்கு, எந்த வண்டி, என்று, எதற்காக வெளியே போனது என்று எழுதி வாருங்கள். எத்தனை கிலோமீட்டர் என்பது முக்கியமல்ல. மூன்றும் ஒரே நேரத்தில் வெளியே இருந்த நாட்கள் எத்தனை, அவற்றில் ஒரு பயணத்தை அரை நாள் தள்ளிப் போட்டிருக்க முடியாதா என்பதுதான் கணக்கு. எழுதும் பொறுப்பு வீட்டு அம்மாவிடம் இருப்பது நல்லது. வண்டி வேண்டிய நேரத்தில் இல்லாமற்போன நாட்கள் அவருக்குத்தான் நினைவிருக்கும்.

மிஞ்சியது என்று தெரிந்துவிட்டால்? உபரியான வாகனம் வைத்திருப்பவர் அது இல்லாதவருக்குக் கொடுத்து உதவட்டும் என்று ஒரு பயணத்தில் நபி (ஸல்) அவர்கள் அறிவித்ததை அபூஸயீதுல் குத்ரீ (ரலி) அவர்கள் வாயிலாக அதே முஸ்லிம் நூலில் காண்கிறோம். உறவினருக்குக் கொடுத்தாலும் சரி, விற்றாலும் சரி, ஆர்.சி. புத்தகத்தில் பெயரை மாற்றாமல் சாவியை மட்டும் கொடுத்து விடாதீர்கள். பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்தின் நஷ்டஈட்டுக்கு அவரே பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஹனஃபீ மத்ஹபினர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சொந்த உபயோக வாகனத்துக்கு ஜகாத் இல்லை. ஆனால் தேவைக்கு மிஞ்சிய பொருளின் மதிப்பு, ஸதக்கத்துல் ஃபித்ரும் குர்பானியும் கடமையாகும் நிஸாபில் சேரும்.

வைத்துக் கொள்ளும் வண்டியின் பாலிசித் தாளையும் எடுத்துப் படியுங்கள். இலவசமாக ஏறி வருபவருக்குச் சட்டக் கட்டாயப் பாலிசி பொறுப்பேற்காது என்று 2006-ல் திலக் சிங் வழக்கில் தீர்ப்பாகியுள்ளது. இரவில் பக்கத்து வீட்டுக் கர்ப்பிணியை ஏற்றிக் கொண்டு வளைவுகளில் இறங்குபவர் இதை அறிந்திருக்க வேண்டும். அதற்கு மேற்பட்ட பாலிசி எடுப்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு இருப்பதால், அந்தத் தாளையும் நோட்டுப் புத்தகத்தையும் எடுத்துக் கொண்டு உங்கள் ஜமாஅத்தின் ஆலிமிடம் போய் உட்காருங்கள்.