தேநீர்க் கணக்கும் வட்டிக் கணக்கும்

பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதிகளிலும், இடுக்கியின் தேவிகுளம், உடும்பஞ்சோலை வட்டங்களிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இரண்டு கணக்குகள் நடந்துவருகின்றன. ஒன்று மளிகைக் கடையின் பற்றுப் புத்தகம். மற்றொன்று வட்டிக்காரரின் அட்டை. சம்பள நாளன்று இரண்டிற்கும் கொடுத்து முடித்த மறுநாளே மீண்டும் பற்று தொடங்கிவிடுகிறது.

இக்கடனுக்கு ஊதாரித்தனமே காரணம் என்று சொல்ல நாம் துணியமாட்டோம். 2015 செப்டம்பரில் மூணாற்றுத் தோட்டப் பெண்கள் திரண்டு போராடியபோது அவர்களது நாட்கூலி 232 ரூபாய். அதன்பின் 301 ரூபாயாக உயர்ந்தது. அந்தக் கூலியில் ஒரு மருத்துவச் செலவோ, பிள்ளையின் கல்லூரிக் கட்டணமோ வந்தால் கடன் வாங்காமல் இருப்பது எங்ஙனம்? ஆயினும், கடன் எப்படி வந்ததாயினும் அது வெளியேறும் வழி ஒன்றே: மாதந்தோறும் வட்டிக்கு மேலாக ஏதேனும் கட்டியாக வேண்டும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 20,000 ரூபாய் ஐந்து வட்டிக்கு வாங்கியதாகக் கொள்வோம். நூற்றுக்கு மாதம் ஐந்து ரூபாய் என்றால் சிறிதாகத் தோன்றும். ஆண்டுக்கு அது 60 விழுக்காடு. மாத வட்டி 1,000 ரூபாய். அதை மட்டும் கட்டிவந்தால் பத்து ஆண்டு கழிந்தாலும் முதல் 20,000 அப்படியே நிற்கும். மாதம் 1,500 கட்டினால் 23 மாதங்களில் தீரும். 2,500 கட்டினாலோ 11 மாதங்களே போதும். முதல் குறையக் குறைய வட்டியும் குறைவதால் நிகழும் மாற்றம் இது.

அந்தக் கூடுதல் 1,500 எங்கிருந்து வரும்? வேலைக்குச் செல்லும் இருவர் நாளொன்றுக்குக் கடைத் தேநீருக்கும் வடைக்கும் தலைக்கு 40 ரூபாய் செலவிடுகின்றனர் எனில், 26 வேலை நாட்களில் 2,080 ரூபாய். பாதியை நிறுத்தினால் 1,040. முழுவதையும் நிறுத்தச் சொல்லமாட்டோம். நாளைக்கு எங்கே வேலை என்ற செய்தி பெரும்பாலும் தேநீர்க் கடையில்தான் கிடைக்கிறது. வாரந்தோறும் பொள்ளாச்சிக்கோ, போடிக்கோ, கம்பத்திற்கோ சாமான் வாங்கச் செல்வோர் போக்குவரத்துக்கு 150 ரூபாய் செலவிடுவதாகக் கொண்டால், மாதம் ஒருமுறை சென்றுவர 450 மிஞ்சும். ரேஷன் அரிசியையும், சப்ளைகோ கடைகளில் மானிய விலையில் கிடைக்கும் 13 பொருட்களையும் முதலில் வாங்கிவிட்டு, எஞ்சியதை மட்டும் கடைப் பற்றில் எழுதச் சொல்வது நன்று. பற்றில் விலை கேட்கும் வழக்கம் நமக்கு இல்லை. ரொக்கம் எண்ணிக் கொடுக்கும்போதுதான் கை தயங்குகிறது.

பிள்ளைகளின் பாலிலும் முட்டையிலும் கைவைக்க வேண்டா. தொடர்ந்து உண்ணும் மாத்திரையை விட்டுவிட்டுச் சேமித்த பணம், பின்னர் மருத்துவமனையில் பன்மடங்காகச் செலவாகும்.

இனி, இதில் ஒரு சிக்கல் உண்டு. வட்டிக்காரர் பலர் முதலைச் சிறிது சிறிதாக வாங்க மறுப்பர். 'தந்தால் முழுதாகத் தா' என்பர். அந்நிலையில் சேமிப்பு மட்டும் போதாது. கடனை இடம் மாற்ற வேண்டும். 2018 இல் கேரளக் கூட்டுறவுத் துறை பாலக்காடு மாவட்டம் மண்ணார்க்காட்டில் தொடங்கிய 'முற்றத்தெ முல்ல' திட்டம் இதற்கென்றே வந்தது. தொடக்கக் கூட்டுறவுச் சங்கத்தின் பணத்தைக் குடும்பஸ்ரீ குழுவினர் ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டியில் வீட்டு வாசலிலேயே கடனாகத் தரும் ஏற்பாடு அது. முற்கூறிய 20,000 ரூபாயை இவ்வட்டிக்கு மாற்றி, அதே 2,500 கட்டிவந்தால் ஒன்பதாம் மாதத்தில் தீரும். பெட்டியில் நகை இருப்பின் வங்கியின் நகைக்கடனையும் எண்ணிப் பார்க்கலாம்.

நுண்கடன் பெற்றோர் ஒன்றை அறிந்திருத்தல் வேண்டும். ஆண்டு வருமானம் 3 இலட்சம் ரூபாய் வரையுள்ள குடும்பங்களுக்கு ஈடின்றித் தரப்படும் கடன்களுக்கு, ரிசர்வ் வங்கியின் 2022 ஆம் ஆண்டு விதிகள் பொருந்தும். குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி புதுக்கடன் தரலாகாது. முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கேட்கலாகாது. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்கு வருதல் கூடாது.

அடுத்த சம்பள நாளுக்கு முன், பற்றுப் புத்தகத்தையும் வட்டி அட்டையையும் எடுத்துக்கொண்டு அருகிலுள்ள கிளைக்கு வாருங்கள். உடன் அமர்ந்து கணக்குப் பார்க்க நாங்கள் ஆயத்தமாக உள்ளோம்.