ட்ரோனில் தெரியாத வாய்க்கால்

கேள்வி: ஐயா, திருவேட்டக்குடியில் என்.ஐ.டி. பக்கம் மனை விற்பனை என்று முகநூலில் ஒரு விளம்பரம் வந்தது. பெயரும் போன் எண்ணும் கொடுத்தேன். ஐந்தே நிமிஷத்தில் போன் வந்தது. மறுநாள் வேறு இரண்டு பேர் கூப்பிட்டார்கள். ட்ரோன் வீடியோவும் மனை வரைபடமும் வாட்ஸ்ஆப்பில் வந்தன. வரைபடத்தில் முக்கால்வாசி மனைகள் சிவப்பாக, விற்றுப்போனதாக இருக்கின்றன. 9 லட்ச ரூபாய் மனைக்கு 2 லட்சம் அட்வான்ஸை இன்றைக்கே அனுப்பச் சொல்கிறார்கள். துபாயில் இருக்கும் தம்பி, "எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்கு, கட்டிடுக்கா" என்கிறான். கட்டலாமா?
– வாசகி, வரிச்சிக்குடி

பதில்: இன்றைக்கு அனுப்பாதீர்கள், அம்மா. தம்பி சொல்வது பாதி சரி. ஆனால் இதுவரை நீங்கள் பார்த்தது விற்கிறவருடைய கம்ப்யூட்டரை மட்டும்தான்.

நீங்கள் கொடுத்த எண், சி.ஆர்.எம். என்று தொழிலில் சொல்லும் மென்பொருளில் ஒரு 'லீட்' ஆகப் பதிவாகும். எந்த விளம்பரத்தைப் பார்த்து வந்தீர்கள், எத்தனை முறை போனை எடுத்தீர்கள், வெளிநாட்டில் சம்பாதிக்கிற உறவு உண்டா என்பதெல்லாம் அதில் ஏறும். யாரை உடனே மடக்கலாம், யாரை ஒரு வாரம் கழித்துக் கூப்பிடலாம் என்று அதை வைத்துத்தான் பிரிக்கிறார்கள். ஒரே எண் பல முகவர்கள் கைக்குப் போவதும் உண்டு. சிவப்புக் கட்டங்களை நம்பி அவசரப்பட வேண்டாம். நிறம் மாற்றுவது அந்த நிறுவனமே. பத்திரப் பதிவு நடந்ததா என்பதற்கு அது சாட்சி ஆகாது.

ட்ரோன் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். தார்ச்சாலையும் விளக்குக் கம்பமும் படத்தின் மேல் வரைந்தவையாக இருக்கலாம். கோடையில் எடுத்த படத்தில் எல்லா நிலமும் மேடாகத்தான் தெரியும். நம் காரைக்கால் காவிரியின் கடைமடை. வயலில் மண்ணடித்திருக்கிறார்களா, வடிகால் வாய்க்காலைத் தூர்த்திருக்கிறார்களா, ஐப்பசி கார்த்திகையில் தண்ணீர் எங்கே போய் நிற்கும் என்பதைப் பக்கத்து வயல்காரர்தான் சொல்வார். அவரிடம் கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

அடுத்து, ஆர்.எஸ். எண்ணை, அதாவது மறு நில அளவை எண்ணைக் கேளுங்கள். அதைத் தராத விளம்பரம் வெறும் படம். எண் கிடைத்தால் புதுச்சேரி அரசின் 'நிலமகள்' பதிவேட்டில் பட்டா யார் பெயரில் இருக்கிறதென்று பார்க்கலாம். அங்கே அளவு ஹெக்டேர், ஆர் என்று இருக்கும். 1 ஆர் என்பது 100 சதுர மீட்டர், சுமார் 1,076 சதுர அடி. வில்லங்கச் சான்று கணினியில் எடுத்ததோடு நிற்காதீர்கள். கணினிமயத்துக்கு முந்தைய பதிவுகளைப் பதிவு அலுவலகத்தில் தேடச் சொல்லுங்கள். பிரெஞ்சுக் காலப் பத்திரம் இருந்தால் விவரம் தெரிந்த வழக்கறிஞரிடம் காட்டுங்கள். காரைக்கால் கோயில்பத்து பார்வதீஸ்வரர் கோயில் நிலத்தைப் போலி ஆவணங்களால் மனையாக விற்றதாக 2024இல் வழக்கு எழுந்ததை மறந்துவிடாதீர்கள். கடல் பக்கம் என்றால் இன்னொன்று: உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டலம். அங்கே வீடு கட்ட அனுமதி கிடைக்குமா என்பதை நகர அமைப்புக் குழுமத்தில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

இனி பணம். ரெரா எனப்படும் 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் வீட்டுக்கு மட்டுமல்ல, மனைக்கும் உண்டு. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவை ஆணையத்தில் பதிவு செய்யாமல் விளம்பரம் செய்வதே தவறு. விற்பனை ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யுமுன் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கவும் கூடாது. உங்கள் மனைக்கு அது 90 ஆயிரம். அவர்கள் கேட்பதோ 2 லட்சம்! இந்த ஒன்றே எனக்குப் போதும்.

வீடியோவையும் குறுஞ்செய்திகளையும் அழிக்காதீர்கள். பொய் விளம்பரத்தை நம்பி நஷ்டப்பட்டவருக்கு இழப்பீடு கேட்க அந்தச் சட்டத்தின் 12ஆம் பிரிவு இடம் தருகிறது.

ரெரா பதிவு எண்ணை வாங்கித் தம்பிக்கு அனுப்புங்கள். அதை அவர் துபாயிலிருந்தே சரிபார்க்கலாம். நிலத்தை நீங்கள் நேரில் போய்ப் பாருங்கள், பெருமழை விட்ட மறுநாள்.