ஆபரேஷன் முடிந்தும் இடுப்பு வலியா? தெரிந்துகொள்வோம்!



புதுவாயல், கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி பக்கம் நம்மில் பலருக்குக் கம்பெனியில் நின்றபடியே வேலை. இடுப்பு வலித்தால் ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஷிப்டுக்குக் கிளம்பிவிடுகிறோம். ஆனால் பிறவியிலிருந்தே இடுப்பு மூட்டில் குறை இருந்து, அதற்கு ஆபரேஷனும் செய்துகொண்ட பெண்ணுக்கு வலி தொடர்ந்தால் அப்படி விடக்கூடாது.

இடுப்பு மூட்டு, கிண்ணத்துக்குள் உட்கார்ந்த பந்து மாதிரி. சிலருக்குக் கிண்ணத்தின் ஆழம் குறைவாக இருக்கும். பெண் குழந்தைகளுக்கே இது அதிகம். வளர்ந்த பிறகு தெரியவந்தால், கிண்ணத்தைச் சுற்றியுள்ள எலும்பை வெட்டித் திருப்பி, பந்தை நன்றாக மூடும்படி ஸ்க்ரூ போடுகிறார்கள். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் டாக்டர் ரெய்ன்ஹோல்ட் கான்ஸ் 1984-ல் தொடங்கிய முறை இது.

அப்புறமும் ஏன் வலி?

• கிண்ணத்தின் ஓரத்தில் வாஷர் போல இருக்கும் சவ்வு வளையம் கிழிந்திருக்கலாம்.
• எலும்போடு எலும்பு இடிக்கலாம்.
• உள்ளே தழும்பு ஒட்டிக்கொண்டிருக்கலாம்.
• ஸ்க்ரூ உறுத்தலாம். வெட்டிய எலும்பு சேராமல் இருக்கலாம்.
• மூட்டே தேய்ந்திருக்கலாம்.

முதல் மூன்றுக்கும் கீஹோல் ஆபரேஷன் பலருக்கு உதவுகிறது. காலை இழுத்துப் பிடித்து, இரண்டு மூன்று சின்னத் துளை வழியாகக் கேமராவும் கருவியும் விட்டு, கிழிசலைத் தைப்பார்கள், இடிக்கும் எலும்பைச் செதுக்குவார்கள். துளை சின்னது என்பதால் மறுநாளே வேலைக்குப் போகலாம் என்று நினைக்க வேண்டாம். சில வாரம் ஊன்றுகோல், சில மாதம் உடற்பயிற்சி தேவை.

ஆனால் எல்லா வலிக்கும் இது மருந்தல்ல. கிண்ணம் இன்னும் சரியாக மூடாமல் இருந்தால், துளை ஆபரேஷன் மட்டும் செய்வது மூட்டை மேலும் தளர்த்திவிடலாம். மூட்டு ரொம்பத் தேய்ந்திருந்தால் பலன் குறைவு.

ஆகவே குழுவில் கடன் கேட்கும் முன் டாக்டரிடம் மூன்று கேள்வி கேட்போம்: "வலி எங்கிருந்து வருகிறது? கிண்ணம் இப்போது போதுமான அளவு மூடியிருக்கிறதா? மூட்டு எவ்வளவு தேய்ந்திருக்கிறது?" பழைய எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் சீட்டு எல்லாவற்றையும் கொண்டுபோவோம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சேருமா என்று மருத்துவமனைக் காப்பீட்டுப் பிரிவில் விசாரிப்போம். வலி மாத்திரையை நாமே வாங்கி மாதக்கணக்கில் விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் கெடும்.

காய்ச்சலோடு வலி, திடீரென்று கால் ஊன்ற முடியாமை, கெண்டைக்கால் வீக்கம் வந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நம் வீட்டில் பிறக்கும் குழந்தைக்கு இடுப்பைச் சோதிக்கச் சொல்வோம். சீக்கிரம் கண்டுபிடித்தால் வார்ப்பட்டை மாட்டியே பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். காலை நீட்டி இறுக்கிச் சுற்ற வேண்டாம்.

வலியைப் பொறுப்பது பெருமையல்ல, சகோதரிகளே. காரணம் கேட்பது நம் உரிமை!