வாழைக்கன்னும் ஒரு பிளாட்டினம் ஊசியும்

வீட்ல வாழை போட்டவங்களுக்கு முடிக்கொத்து நோய்னா விளக்கவே வேண்டாம். எங்க தாத்தா தோட்டம் வீரபாண்டியில, முல்லைப் பெரியாற்றுப் பாசனம். போன தடவை வெளியில வாங்கி நட்ட கன்னுல நாப்பது இந்த நோய்ல போச்சு. நடும்போது எல்லாம் பச்சைப்பசேல்னுதான் இருந்துச்சு. இலை குறுகி, உச்சியில குஞ்சம் மாதிரி கட்டிக்கிட்ட பிறகுதான் தெரிஞ்சது. மருந்து கிடையாது, தோண்டி அழிக்கணும். விட்டா அசுவினி பக்கத்து மரத்துக்கும் பரப்பிடும்.

நடறதுக்கு முன்னாடியே எலைசா, பிசிஆர் மூலமா கண்டுபிடிக்கலாம். நான் சொல்ல வர்றது வேற ஒண்ணு: மின்வேதி நுண்ணோக்கி, சுருக்கமா எஸ்இசிஎம். டெக்சாஸ் பல்கலைக்கழகத்துல ஆலன் பார்ட் குழு 1989-ல இதை வடிவமைச்சாங்க.

முதல்ல டிஎன்ஏ அரே. ஒரு தங்கத் தகட்டுல புள்ளி புள்ளியா ஒற்றை இழை டிஎன்ஏ ஒட்டியிருக்கும். மாதிரியில அதுக்குப் பொருத்தமான இழை இருந்தா வந்து ஜோடி சேரும். முடிக்கொத்து வைரஸோட டிஎன்ஏவே ஒற்றை இழைதான், அதனால நல்ல உதாரணம். எந்தப் புள்ளியில ஜோடி சேர்ந்ததுன்னு பார்க்க வழக்கமா ஒளிரும் சாயம் பூசி லேசர்ல படிப்பாங்க. எஸ்இசிஎம்-க்குச் சாயம் இல்லாமலும் படிக்க முடியும்.

கண்ணாடிக்குள்ள பதிச்ச பிளாட்டினம் கம்பிதான் ஊசி. விட்டம் 10 மைக்ரான்னு வச்சுக்கோங்க, தலைமுடியை விட மெல்லிசு. கரைசல்ல பெர்ரோசயனைடு. ஊசியை தேனி பஸ் ஸ்டாண்டாவும் தங்கத்தை வீரபாண்டியாவும் நினைச்சுக்கோங்க. பெர்ரோசயனைடு ஊசியில எலக்ட்ரானை இறக்கிட்டு பெர்ரிசயனைடா மாறும். தங்கத்துக்குப் போய் எலக்ட்ரானை ஏத்திக்கிட்டு பழையபடி திரும்பும். எத்தனை டிரிப்போ அவ்வளவு மின்னோட்டம்.

இப்போ சித்திரைத் திருவிழா. ரோடு முழுக்கக் கூட்டம், பஸ் உள்ளே போக முடியல. டிஎன்ஏ புள்ளிக்கு மேல நடக்கிறது இதேதான். டிஎன்ஏ முதுகெலும்புல ஒவ்வொரு பாஸ்பேட்டும் எதிர்மின் சுமை. நம்ம ரெண்டு அயனிகளும் எதிர்மின் சுமைதான், அதனால தள்ளிவிடும். டிரிப் குறையும், மின்னோட்டம் குறையும். ஜோடி சேர்ந்த புள்ளியில கூட்டம் ரெட்டிப்பு, இன்னும் குறையும். இந்த ஏற்ற இறக்கத்தை வரைஞ்சா அதுதான் படம்.

தூசி இருந்தாலும் மின்னோட்டம் குறையும்ங்கிறது ஒரு தலைவலி. அதனால மாதிரி ஊத்துறதுக்கு முன்னும் பின்னும் ரெண்டு படம் எடுத்து ஒப்பிடணும். ஊசி உயரம் கொஞ்சம் மாறினாலும் கணக்கு போச்சு. வேகம் அதைவிட மோசம். நொடிக்கு 10 மைக்ரான், கோட்டுக்குக் கோடு 10 மைக்ரான் இடைவெளின்னா, 1 சதுர மில்லிமீட்டருக்கு 100 கோடு, கோட்டுக்கு 100 நொடி. மொத்தம் 10,000 நொடி, அதாவது கிட்டத்தட்ட 2 மணி 47 நிமிஷம்!

மின்வேதியியல் நமக்குத் தூரத்து விஷயம் இல்ல. காரைக்குடியில 1948-ல அடிக்கல் நாட்டின மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலம் கொடுத்தார். அங்கே பி.டெக்கும் இருக்கு. ப்ளஸ் டூல யாரும் இதை எனக்குச் சொல்லல.

தாத்தாகிட்ட இதெல்லாம் சொன்னேன். "அந்த ஊசிய தோட்டத்துக்கு எடுத்துட்டு வர முடியுமாடா?"ன்னார். இப்போதைக்கு முடியாது. நீங்களும் அதுவரைக்கும் இலைக்காம்பையும் நடுநரம்பையும் உத்துப் பாருங்க. மோர்ஸ் கோடு மாதிரி கரும்பச்சையில புள்ளியும் கோடும் தெரிஞ்சா, அந்தக் கன்னை நட வேண்டாம்.