கோப்பு எழுத வருகிறவர்களுக்கு

குரூப் 4 எழுதி, கலந்தாய்வு முடிந்து, ஆட்சியர் அலுவலகத்திலோ வட்டாட்சியர் அலுவலகத்திலோ இளநிலை உதவியாளராக உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு இதை எழுதுகிறேன். பவானிசாகர் பயிற்சிக்கு அழைப்பு வர நாளாகலாம். தபால் அதுவரை காத்திருக்காது. சேர்ந்த வாரமே மேசைக்கு வந்துவிடும். கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற உரிமையில் சொல்கிறேன். சட்டமும் விதியும் புத்தகத்தில் கிடைக்கும். யாரிடம் எதை எப்படிச் சொல்வது என்பதைத்தான் இங்கே யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை.

1. பொருள் வரியை அலட்சியமாக எழுதாதீர்கள். "பட்டா – மாறுதல் கோருதல் – தொடர்பாக" என்று எழுதினால் அந்தப் பிரிவில் இருக்கும் எல்லாக் கடிதத்துக்கும் அது பொருந்தும். கிராமம், புல எண், மனுதாரர் பெயர், இப்போது கேட்பது என்ன, இவ்வளவும் அந்த ஒரு வரியில் வர வேண்டும். பெறுகிறவர் பொருளைப் பார்த்ததுமே எந்தக் கோப்பை எடுப்பது என்று தெரிந்துகொள்ள வேண்டும். பார்வையில் கடிதங்களைத் தேதி வரிசையில், ந.க. எண்ணோடு போடுங்கள். நீங்கள் படிக்காத கடிதத்தைப் பார்வையில் சேர்க்காதீர்கள். பழைய வரைவிலிருந்து அப்படியே இறக்குகிற பழக்கம் எல்லா அலுவலகத்திலும் உண்டு. எதிரில் இருப்பவர் அந்தக் கடிதத்தின் நகலைக் கேட்டால் முழிக்க வேண்டியிருக்கும்.

2. மனுவுக்குப் பதில் எழுதுவதுதான் இந்த வேலையிலேயே கடினம். ஆனால் அதைத்தான் புதிதாக வந்தவர் தலையில் கட்டுவார்கள். பொதுமக்கள் மனுவுக்கு 3 நாளில் ஒப்புகை, ஒரு மாதத்துக்குள் முடிவு என்று 2015ஆம் ஆண்டு அரசாணையே இருக்கிறது. தேதியைக் காப்பாற்றுவதற்காகவே பல பதில்கள் எழுதப்படுகின்றன: "மனுதாரரின் கோரிக்கை விதிகளின்படி ஏற்க இயலாது எனத் தெரிவிக்கப்படுகிறது." எந்த விதி? என்ன குறை? அந்த அம்மா மறுபடி பஸ் ஏறித் திங்கட்கிழமை குறைதீர் நாளுக்கு வந்து, அதே மனுவை இன்னொரு முறை கொடுப்பார். அது சுற்றிக்கொண்டு உங்கள் மேசைக்கே வரும்.

இப்படி எழுதிப் பாருங்கள்: "உங்கள் தந்தை பெயரில் உள்ள பட்டாவை உங்கள் பெயருக்கு மாற்ற வாரிசுச் சான்று தேவை. மனுவுடன் அது இணைக்கப்படவில்லை. சான்றுடன் மீண்டும் விண்ணப்பித்தால் பரிசீலிக்கப்படும். வட்டாட்சியரின் ஆணையில் உடன்பாடு இல்லையென்றால் வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம்." நான்கு வரி. காரணம், இனிச் செய்ய வேண்டியது, அடுத்துப் போக வேண்டிய இடம் மூன்றும் வந்துவிட்டன. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இது சட்டக் கடமையே. ஒரு மனுவை மறுத்தால் காரணம், மேல்முறையீட்டுக்கான கால அளவு, மேல்முறையீட்டு அலுவலர் விவரம் மூன்றையும் சொல்ல வேண்டும் என்கிறது 7(8) பிரிவு. மற்ற மனுக்களுக்கும் அதையே பழக்கமாக வைத்துக்கொண்டால் உங்களுக்கும் வேலை குறையும்.

3. "நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது." இதை எழுதுமுன் கையை எடுத்துவிடுங்கள். யார் எடுக்கிறார்கள், என்ன எடுக்கிறார்கள், எப்போது முடியும் என்று ஒன்றும் சொல்லாமல் தப்பிக்க நம் அலுவலகங்கள் கண்டுபிடித்த வாக்கியம் அது. "நில அளவர் 14ஆம் தேதி புலத் தணிக்கை செய்கிறார், அறிக்கை வந்ததும் ஆணை பிறப்பிக்கப்படும்" என்று எழுத முடியவில்லை என்றால், உண்மையில் யாரும் எதையும் எடுக்கவில்லை என்று பொருள். முதலில் நில அளவருக்குக் குறிப்பாணை போடுங்கள்.

4. குறிப்புப் பக்கம் உங்கள் அறிவைக் காட்டுகிற இடமல்ல. நடந்தது என்ன, விதி என்ன சொல்கிறது, இதே மாதிரி முன்பு என்ன முடிவு எடுத்தோம், இப்போது என்ன ஆணை வேண்டும் என்ற வரிசையில் போங்கள். ஒவ்வொன்றுக்கும் நடப்புக் கோப்பின் பக்க எண்ணைக் குறியுங்கள். இல்லாவிட்டால் அலுவலர் பக்கத்தைத் தேடுகிற நேரத்தில் கோப்பு திரும்பி வந்துவிடும், "பேசவும்" என்ற ஒற்றைச் சொல்லோடு.

உங்கள் கருத்து அலுவலர் கருத்துக்கு மாறாக இருந்தால் எழுதலாம், எழுதத்தான் வேண்டும். ஒரு முறை, விதியைச் சுட்டி, அடக்கமாக. அவர் வேறு மாதிரி ஆணையிட்டால் அதைச் செயல்படுத்துங்கள். குறிப்பிலேயே வழக்காடாதீர்கள். பக்கத்தைக் கிழிப்பது, வெள்ளை மை பூசுவது இரண்டும் கூடாது. தப்பானதை ஒரு கோடு போட்டு அடித்துச் சுருக்கொப்பம் இடுங்கள். மின் அலுவலகத்தில் மஞ்சள் குறிப்பைத் திருத்தலாம். பச்சைக் குறிப்பு ஒரு முறை மேலே போய்விட்டால் போனதுதான். அதனால் எதையும் முதலில் மஞ்சளில் எழுதி, தேநீர் குடித்துவிட்டு வந்து ஒரு முறை படியுங்கள். கோப்புக் குறிப்புகளும் கேட்டால் கொடுக்க வேண்டிய தகவல்தான் என்று மத்தியத் தகவல் ஆணையம் 2006லேயே சொல்லிவிட்டது. சக ஊழியரைக் குத்திக் காட்டி நீங்கள் எழுதுகிற வரியை ஒருநாள் ஊரே படிக்கலாம்.

5. போனில் வரும் ஆணையைக் காகிதத்தில் ஏற்றுங்கள். "மேலே சொன்னாங்க" என்பது எந்த விசாரணையிலும் நிற்காது. யார் சொன்னார், எந்த நாள், எத்தனை மணி, என்ன சொன்னார் என்று அன்றே குறிப்பில் எழுதி, அதை உறுதிசெய்து தருமாறு கேட்டுக் கோப்பை அவருக்கே அனுப்புங்கள். இதில் மரியாதைக் குறைவு எதுவுமில்லை. நல்ல அலுவலர்கள் இதை விரும்புவார்கள். விரும்பாதவரிடம்தான் இது கட்டாயம் தேவை.

வாட்ஸ்அப் குழுவில் மாலை ஆறு மணிக்குப் புள்ளிவிவரம் கேட்பார்கள். அனுப்புங்கள், ஆனால் அதே விவரத்தை அலுவலக மின்னஞ்சலிலும் அனுப்பி நகலைக் கோப்பில் சேருங்கள். வானவில் எழுத்துருவில் அடித்த கோப்பை அப்படியே அனுப்பினால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் தாறுமாறான குறிகள்தான் தெரியும். யூனிகோடில் அடிக்கப் பழகுங்கள்.

6. நேர்முகக் கடிதம் அவசரத்துக்கு. இரண்டு நினைவூட்டுக்கும் அசையாத இடத்துக்கு அலுவலர் தன் பெயரில் எழுதுவது அது. எல்லாவற்றுக்கும் அதையே வைத்தால் அதையும் நினைவூட்டு மாதிரியே ஓரத்தில் அடுக்கிவிடுவார்கள்.

7. உயர்நீதிமன்ற வழக்கு என்றால் அரசு வழக்கறிஞருக்குப் பத்திவாரிக் குறிப்புரையை ஆங்கிலத்தில் அனுப்ப வேண்டியிருக்கும். மனுவின் ஒவ்வொரு பத்திக்கும் தனித்தனியாகப் பதில், ஒவ்வொரு பதிலுக்கும் ஆவணம். மறுக்கிறோம் என்று மட்டும் எழுதினால் வழக்கறிஞர் எதை வைத்து வாதாடுவார்? ஆங்கிலம் தடுமாறினால் தமிழில் முழுமையாக எழுதிக்கொண்டு மொழிபெயர்க்க உதவி கேளுங்கள். இதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

8. மேசைக்கு எதிரில் நிற்பவரை உட்காரச் சொல்லுங்கள். "அய்யா", "அம்மா" என்று கூப்பிடுங்கள். வயதில் மூத்தவரை "நீ" என்று பேசுகிற அலுவலக வாசனை உங்களிடம் ஒட்ட வேண்டாம். "நாளைக்கு வாங்க" என்று சொல்லாதீர்கள். எந்த நாள், என்ன எடுத்து வர வேண்டும் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றாலும் கொடுங்கள், வீட்டில் யாராவது படித்துச் சொல்வார்கள்.

9. கையெழுத்தைத் தமிழில் போடுங்கள், தலைப்பெழுத்தையும் சேர்த்து. அரசின் ஆணை இருந்தும் பாதிப் பேர் மறந்துவிடுகிற விஷயம் இது.

10. இடமாறுதல் வரும்போது விடைபெறும் விழாவுக்கு முந்தின நாளே நிலுவைப் பட்டியலைத் தயார் செய்துவிடுங்கள். தன்பதிவேட்டைப் பார்த்து ஒவ்வொரு கோப்புக்கும் எங்கே நிற்கிறது, யாருடைய பதிலுக்காக, கடைசித் தேதி எது என்று ஒரு வரி போதும். நீதிமன்றத் தேதி உள்ளவற்றையும் சட்டமன்றக் கேள்வி உள்ளவற்றையும் மேலே போடுங்கள். அடுத்து வருகிறவர் உங்களைப் போலவே புதியவராக இருப்பார். பட்டியலின் இரண்டு நகலில் அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். ஒன்றை அவரிடம் கொடுத்து, மற்றதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.